சகலனோடு ரியோஹா பார்த்தது

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். என் கையெழுத்து கோழி கிளறிய முற்றம் மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட ஆள் நான். எழுத்துப் பிழை கட்டாயம் வரும். வந்த இடத்தில் நீங்களே திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள். இதை வாயால் சொல்லலாமே என்று கேட்பீர்கள். நாலு பேர் கூடினால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் பேனா.

போன கிழமை பாரிஸில், தமிழ்க் கடைகள் நிறைந்த ரூ து ஃபொபூர் சேன்-தெனி வீதியில் மரக்கறிக் கடை வாசலில் நின்று முருங்கைக்காய் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வழியால் போன ஒரு பொடியனின் பை அறுந்து, உள்ளே இருந்த வைன் போத்தல் நிலத்தில் விழுந்து சிதறியது. கடைக்காரத் தம்பி வாளியில் தண்ணீர் கொண்டு வந்து ஊற்றினார். சூடான நடைபாதையில் சிவப்பு வைனும் தண்ணீரும் கலந்து, பக்கத்திலிருந்த கறிவேப்பிலை மணத்தோடு ஒரு புளித்த ஈர வாசனை எழும்பியது. நான் அப்படியே நின்றுவிட்டேன்.

"அண்ணை, முருங்கைக்காய் வாங்கப் போறீங்களோ, இல்லாட்டி ரோட்டை மணந்துகொண்டு நிக்கப் போறீங்களோ?" என்றார் தம்பி.

அவருக்கு என்ன தெரியும்? அது ஸ்பெயினில் ஒரு குன்றின் அடியில் இருந்த நிலவறையின் வாசனை. அந்த நிலவறையில்தான் என் சகலன் என் வயிற்றில் நெருப்பைப் போட்டார்.

சகலன் என்பது பொல்லாத உறவு. அண்ணன் தம்பி என்றால் சண்டை பிடித்துத் தீர்த்துக்கொள்ளலாம். அக்கா தங்கையைக் கட்டிய இரண்டு ஆண்களோ ஆளுக்கு ஆள் மரியாதையாகச் சிரித்துக்கொண்டே இருக்கவேண்டும். சொந்தக்காரர் எல்லோரும் அவர்களைத் தராசில் போட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். எங்கள் தராசில் என் தட்டு எப்போதும் மேலே தொங்கும். குலம் அண்ணை, அதுதான் என் மனைவி வதனியின் அக்கா புருஷன், பத்தாம் வகுப்புக்கு மேல் படித்தவர். ஒபர்வில்லியேயில் வைன் மொத்தமாக விற்கும் களஞ்சியம் ஒன்றில், அலுவலகத்தில் வேலை. கார் இருந்தது. பிரெஞ்சு சரளம். நான் உணவகத்தில் சட்டி கழுவத் தொடங்கி வெங்காயம் வெட்டும் வரை உயர்ந்தவன்.

ஒரு வேடிக்கை சொல்லவேண்டும். குலம் அண்ணை ஒரு துளியும் குடிக்காதவர். வெள்ளிக்கிழமை மீன், இறைச்சி எந்த மச்சமும் தொடமாட்டார். ஆனால் போத்தலில் ஒட்டியிருக்கும் தாளைப் பார்த்தாலே அது எந்த ஊர்த் திராட்சை, அந்த ஊரில் என்ன கோட்டை, என்ன மடம் என்று சொல்லத் தொடங்கிவிடுவார். வதனி வாயைத் திறந்து கேட்டுக்கொண்டிருப்பாள். என் வெங்காயத்தைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது?

2009இல் ஊரில், போரின் முடிவில் நடந்தவற்றுக்குப் பிறகு எங்களில் யாருக்கும் விடுமுறை என்ற சொல்லே வாயில் வரவில்லை. எங்கள் கடைத்தெருவான லா சப்பலில் சத்தம் போட்டு வியாபாரம் செய்பவர்கள் கூட மெதுவாகப் பேசிய காலம் அது. அடுத்த கோடையில் குலம் அண்ணைதான் தொடங்கினார்.

"பிள்ளைக்குப் பள்ளிக்கூட வக்கான்ஸ் இல்லையோ தம்பி? எத்தினை நாளைக்கு வீட்டுக்குள்ளை இருந்து அழுறது? வெளிக்கிடுங்கோ, ஸ்பெயினிலை ரியோஹா பாத்துக்கொண்டு வருவம்."

பிள்ளை என்றது என் மகள் துளசியை. அப்போது ஒன்பது வயது. அக்காவுக்குப் பிள்ளை தங்கவில்லை. எங்கள் வீட்டில் அந்தப் பேச்சை யாரும் எடுப்பதில்லை.

ஓகஸ்டில் எங்கள் பத்ரோன், அதுதான் முதலாளி, உணவகத்தைப் பூட்டிவிடுவார். எனவே மறுக்க ஒரு சாட்டும் கிடைக்கவில்லை. ஓல்னே-சூ-புவாவில் அண்ணையின் வீட்டு வாசலிலிருந்து, கட்டுச்சோற்றுப் பெட்டியோடு காரில் ஏறினோம். முன் இருக்கை எனக்கு. வழி பார்த்துச் சொல்லும் பொறுப்பு என்று தந்தார்கள். வழி சொல்லும் பெட்டியிலிருந்து ஒரு பெண் பேசிக்கொண்டே வந்ததால் அந்த வேலையும் எனக்கு இல்லை. துளசி சாரதி இருக்கைக்குப் பின்னால் இருந்து, கழுத்தை நீட்டி, பெரியப்பாவின் காதுக்குள் பிரெஞ்சில் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தாள். இடையிடையே இருவரும் சிரித்தார்கள். நான் பயணம் முழுக்க வெளியே மாடு பார்த்துக்கொண்டு வந்தேன்.

ரியோஹா அழகான இடம், மறுக்கமாட்டேன். ஒரு பக்கம் சுவர் எழுப்பியது போல மலை. கீழே கண் எட்டும் வரை திராட்சை. நடுவில் குன்றுகள். குன்றின் மேல் மதில் கட்டிய பழைய ஊர்கள். கோபுரத்துக்குக் கோபுரம் நாரைக் கூடுகள். நாங்கள் போன ஊரில் வீடுகளுக்கு அடியில் நிலத்தைக் குடைந்து வைத்திருந்தார்கள். படியால் இறங்கினால் வெளியில் எரிந்த வெயில் மறந்துபோகும். பீப்பாய்கள் இருட்டில் படுத்திருந்தன. அந்த வாசனையைத்தான் சொன்னேன்.

சுற்றிக் காட்டிய பெண்ணுக்குப் பிரெஞ்சு தெரிந்திருந்தது. துளசி அண்ணையின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நின்றாள். அந்தப் பெண் குனிந்து அவள் கன்னத்தைத் தட்டி, உங்கள் மகளா என்று அண்ணையிடம் கேட்டாள்.

"வுய்" என்றார் அண்ணை.

என்னுடையது சமையலறைப் பிரெஞ்சு. கத்தி, சட்டி, கெதியாய், இன்னும் கெதியாய். ஆனால் மகள் என்ற சொல்லும் ஓம் என்ற சொல்லும் எனக்கு விளங்கும். பீப்பாய்க்குப் பக்கத்தில் நின்ற நான்தான் தகப்பன் என்று சொல்ல வாய் வரவில்லை. பீப்பாயாவது ஒரு நாளைக்குத் திறபடும். அன்றிரவு என் பங்குப் புளிச்சோற்றை அப்படியே பெட்டிக்குள் திருப்பி வைத்தேன்.

"என்ன, முகம் உப்பிடிக் கிடக்கு?" என்றாள் வதனி.

"வெயில்" என்றேன்.

அடுத்த நாள் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே நடைபாதை. கல்லில் மஞ்சள் அம்புக்குறி போட்டிருந்தது, அதைப் பார்த்து நடக்கவேண்டும். அண்ணையும் துளசியும் முன்னால், அக்காவும் வதனியும் நடுவில், தண்ணீர்ப் போத்தல்களோடு நான் கடைசி. அவர்கள் எங்கெல்லாம் நின்று கை காட்டிப் பேசினார்களோ, நான் வந்து சேரும்போது பேச்சு முடிந்திருக்கும். எனக்கு வெறும் கல் மட்டும் மிஞ்சும்.

ஏற்றத்தின் முடிவில் ஒரு சின்னஞ்சிறிய பழைய தேவாலயம். கதவு திறந்திருந்தது. நான் பழக்கத்தில் செருப்பைக் கழற்றினேன்.

"தம்பி, இது வெள்ளைக்காரற்றை சேர்ச். கழட்டத் தேவையில்லை" என்றார் அண்ணை.

"சாமி இருக்கிற இடந்தானே" என்று அக்கா தன் செருப்பையும் கழற்றினாள். வதனியும் துளசியும் கழற்றினார்கள். கடைசியில் அண்ணையும் முனகிக்கொண்டு சப்பாத்து நாடாவை அவிழ்த்தார். சிரிக்கவேண்டிய விஷயம், பின்னால் ஊன்றுகோலோடு ஏறிவந்த இரண்டு வயதான வெள்ளைக்காரர்கள் எங்கள் செருப்பு வரிசையைப் பார்த்துவிட்டு, இந்த இடத்துச் சட்டம் போலிருக்கிறது என்று நினைத்து, கல்லில் உட்கார்ந்து தங்கள் பெரிய சப்பாத்துகளைக் கழற்றத் தொடங்கியதுதான்.

"பாத்தியோ, உன்ரை மனுசன் ஸ்பெயினுக்கே சட்டம் போட்டிட்டார்" என்று அக்கா வதனியிடம் சொல்ல, துளசி என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த முதல் சிரிப்பு.

வெளியே வந்தால் துளசியின் ஒரு செருப்பு இல்லை. தூரத்தில் திராட்சைக் கொடிகளுக்குள் ஒரு மண்ணிற நாய் அதைக் கவ்விக்கொண்டு ஓடியது. அண்ணை கொஞ்ச தூரம் துரத்தி, மூச்சு வாங்கத் திரும்பி வந்தார். பாதையோ சுடு கல். நான் குனிந்தேன். துளசி முதுகில் ஏறினாள்.

இறக்கம் முழுக்க அவள் வாய் என் காதில். சந்தோசப்பட்டேனா? கேளுங்கள்.

"அப்பா, மேசை மாதிரி நிண்ட கல்லு இருக்கெல்லோ, அதுக்குள்ளை முந்திச் செத்த ஆக்களை வச்சவையாம். பெரியப்பா சொன்னவர்."

"ஓம்."

"பாறையிலை தொட்டி வெட்டி, உள்ளுக்கை நிண்டு காலாலை திராட்சை மிதிச்சவையாம். பெரியப்பா சொன்னவர்."

"ஓம்."

"ஏன் எல்லாத்துக்கும் ஓம் எண்டுறீங்கள்?"

"மூச்சு வாங்குது பிள்ளை."

ரியோஹாவைப் பற்றி எனக்குத் தெரிந்த எல்லாம் அப்படி வந்ததுதான், பாதி பிரெஞ்சு பாதி தமிழில், பிடரிக்குப் பின்னாலிருந்து.

"கொஞ்ச தூரம் நான் தூக்கிறன், தாரும் தம்பி" என்றார் அண்ணை பின்னாலிருந்து.

"வேண்டாம் அண்ணை, பாரமில்லை." அரிசி மூட்டைப் பாரம்.

வளைவு தாண்டியதும் மறுபடி கேட்டார். மறுபடி பாரமில்லை என்றேன். "குடுங்கோவன், அத்தானுக்கும் ஆசைதானே" என்று வதனி மெதுவாகச் சொன்னாள். கேளாதவன் போல நடந்தேன். மூச்சு விட நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்தபோது, அண்ணை மிஞ்சிய ஒற்றைச் செருப்பைக் கையில் வைத்திருந்தார். அதிலிருந்த புழுதியைத் தன் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார். ஒற்றைச் செருப்பால் இனி என்ன பயன்? ஆனாலும் துடைத்தார். நான் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பார்க்கக்கூடாத ஒன்றைப் பார்த்தது போலிருந்தது.

பிறகு அண்ணையும் அக்காவும் லண்டன் போய்விட்டார்கள். காரை விற்றார்கள். ஓல்னே வீட்டுத் தபால்பெட்டியில் வேறு யாரோ பெயர். எங்கள் பத்ரோனின் உணவகம் இருந்த இடத்தில் இப்போது தொலைபேசிக்கு உறை விற்கிறார்கள். ஓகஸ்ட் வந்தால் எங்கும் போவதில்லை. துளசி பல்கலைக்கழகம் போகிறாள், சிநேகிதிகளோடு தானே ஊர் பார்க்கிறாள். இந்த வருடம் ஆனியில் அந்த ரியோஹாப் பாதையிலேயே நடந்துவிட்டு வந்தாளாம். என்னிடம் சொல்லவில்லை. லண்டனுக்குச் சொல்லியிருக்கிறாள். அதற்கும் எரிந்தது.

ஆவணியில் பிள்ளையார் தேர் பார்க்க அண்ணை லண்டனிலிருந்து லா சப்பலுக்கு வந்தார். தலை நரைத்து, காலை இழுத்து நடந்தார். தேங்காய் உடைத்து ஈரமான வீதியில் அண்ணையும் துளசியும் நானும் தேருக்குப் பின்னால் போனோம்.

"என்ன துளசி, அந்தக் கல்லுத் தொட்டியைப் பாத்தனியோ? அதின்ரை கதை ஞாபகம் இருக்கோ?" என்று ஆசையாகக் கேட்டார்.

"இப்ப அங்கை போர்ட் வச்சிருக்கு பெரியப்பா. நாலு பாஷையிலை எல்லாம் எழுதியிருக்கு. சேர்ச்சுக்கும் டிக்கெட்." சொல்லிவிட்டுத் தொலைபேசியைப் பார்த்தாள். யாரோ சிநேகிதி. "அப்பா, நான் பிறகு வாறன்" என்று கூட்டத்துக்குள் போய்விட்டாள்.

அண்ணை அவள் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றார். இவ்வளவு காலமும் அவருடைய முகம் இப்படி விழவேண்டும் என்று காத்திருந்தவன் நான். விழுந்தபோது இனிக்கவில்லை.

"போர்ட்டை விடுங்கோ அண்ணை" என்றேன். "கல்லிலை எப்பிடி அண்ணை அவ்வளவு பெரிய தொட்டி வெட்டினவங்கள்? எனக்கு ஆர் விளக்கமாச் சொன்னது?"

அவர் தொடங்கினார். நாதஸ்வரச் சத்தத்தில் பாதி கேட்கவில்லை. கேட்ட இடத்திலும் கேட்காத இடத்திலும் ஓம் ஓம் என்று சொல்லிக்கொண்டு நடந்தேன்.

லா சப்பல், 15 ஒக்டோபர் 2023, ஞாயிற்றுக்கிழமை.