தங்க முலாமும் வருங்கால மாமனாரும்

அறுபதுகளின் தொடக்கத்தில் பாலக்கரையில் ஒரு கில்ட் கடையில் வேலை பார்த்தேன். கண்ணாடித் தொட்டியில் சயனைடு உப்புக் கரைத்த நீர், பக்கத்தில் ஒரு பேட்டரி. அதன் ஒரு கம்பியில் தங்கத் தகட்டையும் மற்றதில் செம்பு நகையையும் மாட்டி உள்ளே இறக்கினால், தகட்டுத் தங்கம் கரைந்து நகைமேல் போய் ஒட்டிக்கொள்ளும். ஏன் ஒட்டுகிறது என்று எட்டாவதோடு நின்றுபோன எனக்குத் தெரியாது. கம்பியை மாற்றி மாட்டினால் நகையிலிருக்கும் தங்கம் உரிந்துபோகும் என்பது மட்டும் தெரியும். அதனால் ஒவ்வொரு நகைக்கும் மூன்று தடவை கம்பியைத் தொட்டுப் பார்ப்பேன். சாப்பிடுமுன் ஆறு தடவை கை கழுவுவேன். அப்படியும் விஷம் ஏறிவிட்டதோ என்று கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பார்ப்பேன்.

அந்த வருஷம் எனக்கு லால்குடியில் பெண் நிச்சயமாகியிருந்தது. பையன் தங்க வியாபாரத்தில் இருக்கிறான் என்று தரகர் சொல்லிவைத்திருந்தார். முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. ஆனால் கில்ட் கடைக் கூலி என்று தெரிந்தால் கல்யாணம் நின்றுவிடும். கடைவாசலில் யார் நிழல் விழுந்தாலும் தொட்டிக்குப் பின்னால் குனிந்துகொள்வேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, முதலாளி பாய் ஜும்மா தொழுகைக்குப் போயிருந்த நேரம், பெண்ணின் அப்பாவே வந்து நின்றார்.

“மாப்பிள்ளை! நீங்க எங்க இங்க?”

“சிநேகிதர் கடைங்க. தொழுகைக்குப் போயிருக்கார். சும்மா பார்த்துக்கிறேன்” என்றேன், கறை படிந்த விரல்களை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு. “நீங்க?”

“நானும் சும்மாதான்.”

சும்மா வந்தவர் கையில் துணிப்பொட்டலம் இருந்தது. ஒளிக்க வழியில்லாமல் பிரித்தார். அட்டிகை.

“பொண்ணுக்குப் போடப்போறது. சுத்தப் பவுனு. நிறம்தான் கொஞ்சம் மங்கிப்போச்சு. மெருகு போட்டா தேவலை.”

“அவ்வளவுதானே, நானே போட்டுத் தரேன். பக்கத்துல நின்னு பார்த்த பழக்கம்” என்றேன், பாய் திரும்பி வருமுன் அவரை அனுப்பிவிடும் அவசரத்தில்.

கம்பியைத் தொட்டுப் பார்த்தால் தொழில்காரன் என்று கண்டுபிடித்துவிடுவாரே என்ற பயத்தில், அன்று ஒரு தடவைகூடத் தொட்டுப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வெளியே எடுத்தேன். சுத்தப் பவுன் செக்கச்செவேலென்று செம்பாகத் தொங்கியது. கம்பி மாறியிருந்தது.

இருவரும் அட்டிகையைப் பார்த்தோம். பிறகு அவர் அதைப் பிடித்திருந்த என் விரல்களைப் பார்த்தார்.

“சிநேகிதர் கடை?”

“சுத்தப் பவுனுங்களா?”

அவர் தெருவை எட்டிப் பார்த்துவிட்டுக் கதவை ஒருக்களித்துச் சாத்தினார்.

“இந்தத் தடவை சரியா மாட்டுங்க மாப்பிள்ளை. பூச்சு கொஞ்சம் கெட்டியாவே இருக்கட்டும். உங்க பொண்டாட்டி போட்டுக்கப்போறதுதானே.”

ஸ்ரீரங்கத்தில் கல்யாணம். தட்டில் வைத்த அட்டிகையை என் சித்தப்பா கையில் ஏந்தி, “பழைய காலத்துப் பவுனு. நிறமே சொல்லுதே!” என்றார். மாமனார் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டார். சித்திரை வெயில். மணமேடையில் அவள் கழுத்தில் வியர்வை இறங்கி அட்டிகையைத் தொடுவதையே நான் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“பாருடி, மாப்பிள்ளைக்கு இப்பவே கண்ணெடுக்க முடியலை” என்று பெண் வீட்டார் சிரித்தார்கள்.