இரண்டாவது எட்டு

நான் எழுதுகிறவள் அல்ல. பள்ளிக்கூடத்தில் ஓ.எல். பரீட்சை வரைதான் படிப்பு, அதன் பிறகு எழுதியதெல்லாம் படிவங்களும் கடையில் வாங்கும் சாமான் துண்டுகளும். எழுதத் துணிந்ததற்கு வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்ல எனக்கு வரவில்லை.

என் கணவர் காலைப் பேப்பரில் வரும் இலக்கப் புதிரை ஒருநாளும் விடமாட்டார். வெறும் கட்டங்கள், இடையில் கூட்டல், கழித்தல், பெருக்கல் குறிகள். ஒன்று முதல் ஒன்பது வரை ஒவ்வோர் இலக்கத்தையும் ஒருமுறை மட்டும் போட்டுக் கணக்கைச் சரிவரச் செய்யவேண்டும். நான் எட்டிப் பார்த்தால், "ஓ.எல். கணக்கிலை சீ கிரேட் எடுத்த ஆளுக்கு உது விளங்காது" என்பார்.

போன மாரிக்குளிரில் ஒருநாள், அவர் முடித்துவிட்டுப்போன கட்டத்தில் ஏழு என்ற இலக்கம் இரண்டு இடங்களில் இருந்தது. அவர் குளித்து வருவதற்குள் அழித்துச் சரியாகப் போட்டேன். அவர் கூச்சப்படக்கூடாது என்றுதான் செய்தேன். பிறகு அதுவே தினமும் என் வேலையானது. அவர் வந்து பார்த்து, வெட்டியெடுத்து, ஃபைலில் வைப்பார்.

நாங்கள் இருக்கும் மிச்சம் என்ற இடத்திலிருந்து விம்பிள்டனில் உள்ள என் வேலைக்கு அவர்தான் காரில் கொண்டுபோய் விடுவார். கோடையில் இரண்டு தடவை வழி தவறினார். டொக்டர் எங்களை ஞாபகமறதி கிளினிக்குக்கு அனுப்பினார்.

அவர் ஃபைலையும் எடுத்துக்கொண்டார். "இதைப் பாத்தபிறகு கார் ஓடாதை எண்டு ஆர் சொல்லப்போயினம்?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். "ஓம்" என்றேன்.

கிளினிக் டொக்டர் ஒரு சின்னப் பெண். ஃபைலைப் பொறுமையாகப் புரட்டிவிட்டு, இதேபோல ஒன்று செய்து பார்ப்போமா என்று ஒரு தாளில் மூன்று வரிப் புதிர் போட்டு நீட்டினார். என் கணவர் 2 × 4 = 8 என்று எழுதினார். அடுத்த வரியில் 3 + 5 = 8. மூன்றாவது வரியையும் நிரப்பித் திருப்தியாகத் தலையாட்டினார்.

என் கை தன்பாட்டில் போய் இரண்டாவது எட்டின் மேல் விரலை வைத்தது.

அவர் விரலைப் பார்த்தார். பிறகு ஃபைலைத் திறந்து ஒவ்வொரு தாளாகப் பார்த்தார்.

"நீரோ போட்டனீர்?"

"ஓம்."

"எவ்வளவு காலமா?"

"மாரியிலை இருந்து."

"கணக்கிலை சீ" என்றார். சிரிக்கவில்லை.

பரிசோதனைகள் முடியும்வரை கார் ஓடவேண்டாம் என்று டொக்டர் சொன்னார். இன்னும் முந்தி வந்திருக்கலாம் என்று அந்தப் பெண் சொல்லவில்லை; எனக்குத்தான் அது கேட்டுக்கொண்டேயிருந்தது.

மறுநாள் காலை அவர் கார்ச் சாவியைப் பேப்பரின் மேல் வைத்திருந்தார். நான் ட்ராமில் வேலைக்குப் போனேன்.