மஞ்சள் வைத்த கெரானோடு பிரிக்பீல்ட்ஸ் போய் வந்த கதை

போன மாதம் என் மகள் கோமதி தன் வீட்டுக் கடனைக் கட்டி முடித்தாள். வங்கிக்கும் போகவில்லை, வக்கீலைப் பார்க்க லோயர் ஆபீசுக்கும் போகவில்லை. சோபாவில் சாய்ந்தபடி போனைத் தடவிக்கொண்டிருந்தவள், "அப்பா, முடிஞ்சிருச்சு லா. வீடு நம்ம பேருக்கு வந்திருச்சு" என்றாள். அவ்வளவுதான். டீ ஆறுவதற்குள் ஆகிவிட்டது.

எங்கள் காலத்தில் இதற்கு ஒரு பயணம் போக வேண்டும். அதைச் சொன்னேன். "சொல்லுங்க, என் இணையப் பக்கத்துல போடறேன். வயசான அப்பா அம்மாவை நில ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போறவங்களுக்கு உதவும்" என்றாள். எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்ல அவள் தட்டுகிறாள். பேச்சு பேச்சாக இருக்கும் இடங்களை அப்படியே விடச் சொல்லியிருக்கிறேன்.

கிள்ளானுக்குக் கொமுட்டர் ரயில் ஓட ஆரம்பித்துக் கொஞ்ச காலம் ஆன சமயம் அது. துறைமுகத்தில் மூட்டை இறக்கிய சம்பளத்தில் வாங்கிய வீடு. கடன் அப்போதுதான் தீர்ந்திருந்தது. அதே வருடம் என் நெஞ்சில் அடைப்பு என்று டாக்டர் கண்டுபிடித்தார். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை ஆப்பரேஷன். எனக்குப் பயம் கத்தியைப் பற்றி இல்லை. என்னோடு மூட்டை தூக்கிய மாரிமுத்து வீட்டைத் தன் பெயரிலேயே வைத்துவிட்டுச் செத்துப்போனான். அவன் சம்சாரம் ஆபீஸ் ஆபீசாக ஏறி இறங்கியதைக் கண்ணால் பார்த்தவன் நான். என் சம்சாரம் அஞ்சலைக்கும் எழுத்துத் தெரியாது. ஆப்பரேஷனுக்கு முன்னால் வீட்டை அவள் பெயருக்கு மாற்றிவிட வேண்டும், அதுதான் பயணத்தின் காரணம்.

கெரான் என்று நாங்கள் சொல்வது வீட்டு மனைப் பத்திரத்தை. பழைய கெரான் பெரிசாக, தடித்த தாளில், சிவப்பு முத்திரையோடு பார்க்கவே மரியாதையாக இருக்கும். கடன் தீர்ந்தபோது நில ஆபீசில் அதை வாங்கிக்கொண்டு கம்ப்யூட்டரில் அடித்த புதுசு ஒன்றைக் கொடுத்தார்கள். அஞ்சலை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்னாங்க இது, கரண்டு பில்லு மாதிரி இருக்கு?" என்றாள். பிறகு அதைக் கெரானாக்கும் வேலையை அவளே செய்தாள். நாலு மூலையிலும் மஞ்சள் குழைத்து வைத்து, நடுவில் குங்குமம் இட்டு, சாமி மேடையில் வைத்து சூடம் காட்டினாள். நானும் பக்கத்தில் நின்று கும்பிட்டேன். அது தப்பு என்று எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

ஆப்பரேஷனுக்கு முந்தின வாரம் புதன்கிழமை காலை, பிரிக்பீல்ட்ஸ் லோயரைப் பார்க்க ஏழேகால் ரயிலைப் பிடித்தோம். கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு ஆளுக்கு மூன்று வெள்ளி சொச்சம் (ரிங்கிட்டை நாங்கள் வெள்ளி என்போம்), ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. அப்போது சென்ட்ரல் ஸ்டேஷன் கிடையாது. மசூதி மாதிரி கோபுரம் வைத்த பழைய ஸ்டேஷனில் இறங்கி, பிரிக்பீல்ட்சுக்கு நடக்க வேண்டும். நல்ல நெஞ்சுக்காரனுக்குப் பதினைந்து நிமிஷம். எனக்கு அரை மணி ஆனது. அஞ்சலை கெரானைத் துண்டில் சுற்றி பிளாஸ்டிக் கூடையில் வைத்து, அந்தக் கூடையை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தாள். வழியில் கோயிலில் நுழைந்து என் பெயருக்கு அர்ச்சனை செய்தாள். குங்குமத்தைப் பொட்டலம் கட்டி முந்தானையில் முடிந்துகொண்டாள். இந்தப் பொட்டலத்தை மறந்துவிடாதீர்கள்.

லோயர் ஆபீஸ் கடைவீட்டு மாடியில், பூக்கடைக்கு மேலே. லோயர் சிவஞானம் யாழ்ப்பாணத்துக்காரர். சத்தம் போட்டுச் சிரிக்கிற மனிதர். துண்டைப் பிரித்துக் கெரானைப் பார்த்ததும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"இதென்ன அய்யா, கெரானுக்கு மஞ்சள் தண்ணி வாத்துச் சாமத்தியச் சடங்கு செய்து போட்டியளோ?"

"நல்ல காரியத்துக்குப் போற காகிதம் சார். மொட்டையா வைக்கலாமா?" என்றாள் அஞ்சலை.

"வையுங்கோ அம்மா, நான் வேண்டாமெண்டு சொல்லேல்ல. ஆனா இந்த மூலையில கோடு கோடாக் கிடந்ததெல்லே? அதைத்தான் மெசின் வாசிக்கிறது. அதுக்கு மேலேயே அப்பி வைச்சிருக்கிறியள்."

பெயர் மாற்றும் பாரத்தில், அதாவது படிவத்தில், அன்றைக்கே ரேகை வைக்கலாம் என்று நினைத்துப் போயிருந்தோம். அவர் மாட்டேன் என்றுவிட்டார். நில ஆபீசில் இந்தக் கெரானை ஏற்றுக்கொள்ளாவிட்டால் எல்லாம் வீண் வேலை. கெட்டுப்போனதற்குப் பதில் புதுசு கேட்டு மனுப் போட்டால் மாசக் கணக்கில் ஆகும் என்றார்.

"எனக்கு மாசக் கணக்கு இல்லையே சார்" என்றேன்.

ஆப்பரேஷன் விஷயம் அவருக்குத் தெரியும். சிரிப்பை நிறுத்திவிட்டார். "வீட்டுக்குப் போற வழிதானே, ஷா ஆலத்தில இறங்கி நில ஆபீஸ் கவுண்டரில காட்டிக் கேளுங்கோ. ஓமெண்டு சொன்னால் நாளைக்கே வாங்கோ, ரேகை வைப்பம்."

ஸ்காட் ரோட்டில் வாழை இலைச் சாப்பாடு, ஆளுக்கு நாலு வெள்ளிக்குள். ரசம் நன்றாக இருந்தது என்று நினைவு. அஞ்சலை சாப்பிடவில்லை, பிசைந்துகொண்டே இருந்தாள். திரும்பும் ரயிலில், பெட்டாலிங் தாண்டிய பிறகு வாயைத் திறந்தாள்.

"எம்மேலதானே தப்பு?"

"தப்பு என்னா? நானுந்தானே நின்னு கும்பிட்டேன்."

"கும்பிட்டீங்க. கம்ப்யூட்டர் கும்பிடுமா?"

எதிரே உட்கார்ந்திருந்த அக்கா ஒருத்தி வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்தால் நெஞ்சு பிடிக்கும் என்று அஞ்சலை என் முதுகைத் தடவினாள்.

ஷா ஆலம் ஸ்டேஷனிலிருந்து நில ஆபீசுக்கு டாக்சி, நாலு வெள்ளி. டாக்சி ஓட்டிய தம்பி, "அங்கிள், ரெண்டு மணிக்கு மேல போங்க, அதுக்கு முன்னாடி போனா சாப்பாட்டு நேரம்" என்று சொல்லி எங்களை நிழலில் இறக்கிவிட்டுப் போனார். ஆபீஸ் உள்ளே குளிர் எலும்பைத் தொடும். போகிறவர்கள் ஒரு ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள். நம்பர் சீட்டு எடுத்துக்கொண்டு காத்திருந்தோம். எங்களுக்கு எண் தெரியும், எழுத்துத்தான் தெரியாது.

கவுண்டரில் ஒரு மலாய்ப் பெண். பக்கத்து மேஜைக்காரர் கூப்பிட்டதில் பெயர் ரொகாயா என்று தெரிந்தது. கெரானை வாங்கினாள், மஞ்சளைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள். கையில் ஒரு சிவப்பு விளக்குக் கருவி. அதை மூலையில் காட்டினாள். சத்தம் வரவில்லை. மறுபடி காட்டினாள். டிஷ்யூவால் துடைத்தாள், மஞ்சள் இன்னும் அகலமாகப் பரவியது. எங்கள் ஊர் மஞ்சள், அப்படி லேசில் போகாது. எனக்கு வியர்த்தது. அந்தக் குளிரில் வியர்த்தது.

பிறகு அவள் கெரானிலிருந்த எண்ணைக் கையால் ஒவ்வொன்றாகத் தட்டினாள். பச்சை எழுத்துகள் திரையில் ஓடி வந்தன. "ஆஹா, இருக்கு" என்றாள். அவள் பேசியது மலாய், நான் தமிழில் சொல்கிறேன். மாமா, அத்தை என்பதற்கு அவள் சொன்ன பாச்சிக், மாச்சிக் மட்டும் அப்படியே இருக்கட்டும். உள்ளே போய் அதிகாரியிடம் காட்டிவிட்டு வந்து சொன்னாள்: "பாச்சிக், கவலை வேண்டாம். பெயர் மாற்றும்போது எப்படியும் இந்தத் தாளை நாங்கள் வாங்கிக்கொண்டு அழித்துவிடுவோம். புதுத் தாள் அச்சாகி வரும்."

"கெரானைக் கிழிச்சிடுவாங்களா?" அஞ்சலை என் கையைப் பிடித்தாள். அவளும் சந்தை மலாய் பேசுவாள், காய்கறிக்காரனோடு சண்டை போடும் அளவுக்கு.

ரொகாயா அவளைப் பார்த்துச் சிரித்து, திரையைக் கொஞ்சம் எங்கள் பக்கம் திருப்பினாள். "மாச்சிக், வீடு இந்தத் தாளில் இல்லை. இதோ, இதற்குள் இருக்கிறது."

"நம்ம வீடா? இதுக்குள்ளயா?" அஞ்சலை எட்டிப் பார்த்தாள். "அப்ப நான் போயிப் போயிக் காகிதத்துக்கா மஞ்சள் வெச்சேன்?"

சொல்லிக்கொண்டே முந்தானை முடிச்சை அவிழ்த்து, குங்குமத்தைத் தொட்டு, கவுண்டருக்கு மேலே கையை நீட்டிவிட்டாள். "ஜாங்கான், மாச்சிக், ஜாங்கான்!" வேண்டாம் வேண்டாம் என்று ரொகாயா இரண்டு கையாலும் திரையை மறைத்தாள். பின்னால் நின்ற கடை முதலாளி போலிருந்த சீனத் தவுக்கே ஒருவர், "விடு லா, அப்புறம் கம்ப்யூட்டர் நல்லா லாஜுவா, வேகமா ஓடும்" என்றார். வரிசையே சிரித்தது. ரொகாயாவுக்குக் கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பு. அஞ்சலை மட்டும் சிரிக்கவில்லை. அந்தக் குங்குமத்தை என் நெற்றியில் வைத்துவிட்டுக் கேட்டாள்.

"இதுல இவுங்க பேரு எங்க இருக்கு?"

ரொகாயா ஒரு வரியைத் தொட்டுக் காட்டினாள்.

"மாத்தினா?"

"இந்தப் பெயர் போய்விடும். அந்த இடத்தில் மாச்சிக் பெயர் வரும்."

"போயிடும்னா?"

ரொகாயா காற்றில் கையால் அழித்துக் காட்டினாள்.

அஞ்சலை கெரானை இழுத்துத் துண்டில் சுற்ற ஆரம்பித்துவிட்டாள். "வேணாம். வாங்க போவோம்."

"ஏ புள்ள, இதுக்குத்தானே காலையிலேருந்து அலையறோம்."

"ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடி உங்க பேரை அழிக்க நான் ரேகை வெக்கணுமா? கைய வெட்டினாலும் வெக்க மாட்டேன்."

நான் என்ன சொல்லியும் அசையவில்லை. மாரிமுத்து சம்சாரத்தைச் சொன்னேன். "அவ வேற, நான் வேற" என்றாள். தமிழ் புரியாவிட்டாலும் ரொகாயாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. என் நெற்றிக் குங்குமத்தைப் பார்த்தாள், அஞ்சலையின் கூடையைப் பார்த்தாள். மெதுவாக இரண்டு விரலைச் சேர்த்துக் காட்டினாள்.

"ரெண்டு பேரும் இருக்கலாமே. போலே, முடியும். பாதி பாதி."

"இவுங்க பேரு அழியாதா?"

"அழியாது. கீழே மாச்சிக் பெயர் சேரும்."

அஞ்சலை துண்டைச் சுற்றுவதை நிறுத்தினாள்.

மறுநாள் அதே ரயில், அதே நடை, அதே மாடிப்படி. லோயர் சிவஞானம் நடந்ததைக் கேட்டுவிட்டு அஞ்சலையிடம் நேராகச் சொன்னார்: "அம்மா, பிறகு கண்ணைக் கசக்கக் கூடாது. பாதி மட்டும் எழுதினால், இவருக்கு ஏதும் நடந்தால் மற்றப் பாதிக்கு நீங்கள்தான் கந்தோர் கந்தோரா, ஆபீஸ் ஆபீசா அலைய வேணும்."

"அலையறேன் சார். என் காலு நல்லாத்தான் இருக்கு" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "இவுங்க இருந்தா அலைய வேண்டியதே இல்லையே" என்றாள்.

லோயர் பாரத்தை எடுத்தார். என்ன விலைக்குக் கொடுக்கிறீர்கள் என்று ஒரு இடத்தில் எழுத வேண்டுமாம். புருஷன் பெண்டாட்டிக்குள் விலை என்ன விலை என்று கேட்டேன். "காசு வாங்காட்டி இதில எழுதுறதுக்கு ஒரு சொல்லு இருக்கு, காசே சாயாங்" என்றார். அன்பு, பாசம் என்று மலாயில். அரசாங்கப் பாரத்தில் அப்படி ஒரு சொல்லா என்று எனக்கு ஆச்சரியம். அஞ்சலை வெட்கப்பட்டு, "ஐய, அதெல்லாம் எழுதாதீங்க சார், யாராவது படிப்பாங்க" என்றாள். லோயர் மறுபடி சத்தமாகச் சிரித்தார். மை தொட்டு இருவரும் கட்டைவிரலை வைத்தோம். "ரேகை விழுந்தாச்சு, மிச்சம் என்ர வேலை. போய் நெஞ்சைப் பாருங்கோ அய்யா."

நெஞ்சு சரியாயிற்று. இல்லாவிட்டால் இதை யார் சொல்வது? ஆஸ்பத்திரியிலிருந்து வந்து நடமாட ஆரம்பித்த பிறகு புதுக் கெரான் வந்தது. ஒரு வரி இருந்த இடத்தில் இரண்டு வரி. எந்த வரி யாருடையது என்று எங்களுக்குத் தெரியாது. ஆனால் இரண்டு வரி.

இப்போது போகிறவர்களுக்குச் சொல்கிறேன். ஷா ஆலத்துக்கு மத்தியானம் ரெண்டுக்கு மேல் போங்கள், குளிருக்கு ஏதாவது போர்த்திக்கொள்ளுங்கள். கெரானைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, மஞ்சள் குங்குமத்தை உறைக்கு மேலே வையுங்கள். சாமிக்கும் குறை இல்லை, மெசினுக்கும் குறை இல்லை. அம்மாவை வீட்டில் விட்டுவிட்டு அப்பா மட்டும் போகாதீர்கள். ரேகைக்காக மட்டும் சொல்லவில்லை. கவுண்டரில் கேட்க வேண்டியதைக் கேட்க ஆள் வேண்டும்.

எல்லாம் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் போய்விட்டது என்று சிலர் குறைப்படுகிறார்கள். எனக்குக் குறையில்லை. ரொகாயா எண்ணைத் தட்டியபோது எங்கள் வீடு உள்ளிருந்து ஓடி வந்ததே, அந்தச் சந்தோஷம் எனக்கு இன்னும் இருக்கிறது.

கோமதி போனைக் காட்டி வீடு நம் பேருக்கு வந்துவிட்டது என்று சொன்ன அன்று, அஞ்சலை அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "காகிதம் எங்கடி?" என்றாள். "காகிதம் இல்லம்மா, எல்லாம் இதுலதான்." அஞ்சலை போனை வாங்கிக்கொண்டு சாமி மேடைக்குப் போனாள். முகப்பக்கத்தைத் தொடவில்லை, அவளுக்குத் தெரியும். முதுகுப் பக்கம் உறை போட்டிருந்தது. அதில் நாலு மூலையிலும் மஞ்சள் வைத்தாள்.

அந்தப் போனில்தான் கோமதி இதைத் தட்டுகிறாள். கையெல்லாம் மஞ்சள் என்று திட்டிக்கொண்டே.