கைக்கு ஒரு செருப்பு

புதுத் தோலின் வாசனை மூக்கில் ஏறினாலே நான் எழுந்து வெளியே போய்விடுவேன். ஸ்கூட்டர் ஓட்ட நீங்கள் ஆசையாக வாங்கித் தந்த கையுறையை நான் ஏன் தொடவே இல்லை என்று கேட்டீர்களே பிள்ளைகளே, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நம் மாநிலத்துக்குக் கர்நாடகம் என்று பெயர் மாறிய சமயம், மைசூர் மண்டி மொஹல்லாவில் ஒரு தகரப் பட்டறையில் உங்கள் தாத்தா தகடு வெட்டும் 'மேஸ்திரி'. முதலாளி ஜெர்மனியிலிருந்து ஒரு வெட்டு மெஷினை வரவழைத்தார். அதைப் பூட்டிக் கொடுக்க ஒரு வெள்ளைக்காரரும் வந்தார். பெட்டிக்குள் ஒரு ஜோடி தோல் கையுறையும் இருந்தது. தகடு கீறிக் கீறி, சாதம் பிசைந்தாலே எரியும் என் அப்பாவின் கைகள் அதைப் போட்ட பிறகுதான் ஆறத் தொடங்கின.

சாப்பாடு கொண்டுபோன ஒரு மத்தியானம், இதற்கு உங்கள் மொழியில் என்ன பெயர் என்று அந்த வெள்ளைக்காரரிடம் கேட்டேன். "ஹாண்ட்ஷூ" என்றார். நான் விழிக்கவே, கையைத் தொட்டு "ஹாண்ட்", காலின் பூட்ஸைத் தொட்டு "ஷூ" என்று காட்டினார். இரண்டு சொல்லைச் சேர்த்துத் தைத்து ஒன்றாக்குவது அவர்கள் வழக்கமாம். கண்டுபிடித்த பெருமையில், "அப்பா, இது கைக்குப் போடற செருப்பாம்!" என்று பட்டறையே கேட்கக் கத்தினேன்.

அந்த வெள்ளைக்காரரைத் தவிர அங்கே எல்லோரும் செருப்பை வாசலிலேயே விட்டு, மெஷினுக்குக் குங்குமம் வைத்து, தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் வேலை தொடங்குவார்கள். பக்கத்து மெஷின்காரர் அப்பாவை விடவில்லை; மைசூரில் சிநேகிதனைக் கூப்பிடுவதுபோல 'குரு' என்று கூப்பிட்டுக் கேட்டார். "ஏன் குரு, செருப்பு மாட்டின கையால சாமியத் தொடறியே, கும்பிடவா, அடிக்கவா?" எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார்.

தசராவில் ஆயுத பூஜை முடிந்த மறுநாள், மாலை போட்ட மெஷினில் முதல் தகடு வெட்டும்போது அப்பா கையுறையைக் கழற்றி வைத்தாராம். "போட்டுக்கோ மேஸ்திரி" என்று முதலாளி சொல்லியும், "இன்னிக்கு ஒருநாள் வேணாங்க, பூஜை போட்ட மெஷினு" என்றாராம். எண்ணெய்ப் பிசுக்கில் தகடு நழுவியது. அப்பா விடாமல் பிடித்தார். வலது உள்ளங்கையில் எலும்புவரை இறங்கிவிட்டது. மூன்று விரல்கள் அப்புறம் மடங்கவே இல்லை. செருப்புகள் கிடக்கும் அதே வாசலில் ஸ்டூல் போட்டு அவரைக் காவலுக்கு உட்காரவைத்தார்கள்.

நான் அழுதபோது, இடது கையால் ஸ்பூனில் சாப்பிட்டுக்கொண்டே, "நீ என்னடா பண்ணுவே, அவங்க ஊர்ல அதுக்கு அதான் பேரு" என்றார்.

இன்று அந்தப் பட்டறை இல்லை, அங்கே செல்போன் கடை இருக்கிறது. அப்பாவும் இல்லை. நீங்கள் தந்த கையுறை மேஜையில் பிரிக்காமலே இருக்கிறது. நாளைக் காலை போட்டுப் பார்க்கிறேன். மாட்டும்போது மட்டும் கொஞ்சம் பக்கத்தில் நில்லுங்கள்.