அணில் போன வழியை எழுதும் வேலை

ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் பட்டறையில் இரண்டு வருடம், பம்பாயில் ஓட்டல், மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை, நடுவில் லாரி கிளீனர். எங்கேயும் நிலைக்கவில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஊர் திரும்பியபோது வயது இருபத்தெட்டு. லாரியின் பின்பலகை விழுந்து இடுப்பு போயிருந்தது. மூட்டை தூக்க முடியாது. உட்கார்ந்து செய்கிற வேலைக்கு யாரும் என்னைக் கூப்பிடவுமில்லை.

அப்போதுதான் செண்பகத்தோப்பில் மலையணிலைப் பற்றி ஆராய்ச்சி செய்ய ஒரு பெண் வந்திருந்தார். வடக்கே பிறந்து வளர்ந்தவர், என்னைவிட நான்கைந்து வயது இளையவர். ஆறு மாதத்தில் கற்ற தமிழை வைத்துச் சமாளித்தார். என்னை அண்ணா என்பார். நான் மேடம் என்பேன். பம்பாயில் பொறுக்கிய இங்கிலீஷ் என்னிடம் கொஞ்சம் இருந்ததால் ஒரு மாதம் சோதனைக்கு வைத்துக்கொண்டார். தேறினால் இரண்டு வருட வேலை, மாதச் சம்பளம், தங்க ஓர் அறை. தேறாவிட்டால் இராஜபாளையத்தில் கல்லூரி முடித்த ஒருவன் தயாராக இருந்தான்.

வேலை இதுதான். காலை ஏழு மணியிலிருந்து புளியமரத்தடியில் உட்கார்ந்து, மேலே கூடு கட்டியிருக்கும் அணில் எங்கே போகிறது, எப்படிப் போகிறது என்று நோட்டில் எழுத வேண்டும். இங்கிலீஷில் எழுத வேண்டும், ஏனென்றால் அதை அவருடைய பேராசிரியர் படிப்பார். முதல் நாள் நான் எழுதியது 'கோ', 'கம்', மறுபடியும் 'கோ'. மேடம் படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அண்ணா, போச்சுன்னா எங்க போச்சு? மேலயா, கீழயா, திரும்பியா?"

அணிலை வைத்தே அந்த வார்த்தைகளைக் கற்றுக்கொண்டேன். அது கிளையோடு ஓடினால் 'அலாங்'. அடுத்த மரத்துக்குத் தாவினால் 'அக்ராஸ்'. வந்த வழியே திரும்பினால் 'பேக்'. நேரே இறங்கினால் 'ஸ்ட்ரெயிட் டவுன்'. உச்சி வரைக்கும் ஏறினால் 'ரைட் அப் டு த டாப்'. பஸ்ஸில் கண்டக்டர் சொல்கிற ரைட்டும் வலது பக்கத்து ரைட்டும் தெரியும். இந்த ரைட்டைப் புரிந்துகொள்ள நான்கு நாள் ஆயிற்று. தமிழில் எங்கிருந்து, எதன் வழியாக, எதுவரை என்று எல்லாம் சொல்லி முடித்த பிறகுதான் அணில் ஓடும். இங்கிலீஷில் முதலில் ஓடிவிடுகிறது. பேக், டவுன், அலாங் என்று நாம்தான் அதன் பின்னால் விரட்டிக்கொண்டு போக வேண்டும்.

எப்படி என்பதற்குச் சில வார்த்தைகள் உண்டு என்று தெரிந்ததும் எனக்கு ஆசை வந்துவிட்டது. ஒருநாள் மழைக்குப் பிறகு அணில் கிளையில் சும்மா உட்கார்ந்திருந்ததை 'சேட்லி' என்று எழுதினேன்.

"சோகமா இருக்குன்னு அணில் உங்ககிட்ட சொல்லுச்சா?" என்று கேட்டுச் சிவப்பு மையால் அடித்தார். "பாத்தது மட்டும் எழுது, அண்ணா. நீங்க நினைச்சது வேண்டாம்."

'ஹேப்பிலி'யையும் அடித்தார். 'ஸ்லோலி'க்கு மட்டும் இடம் கொடுத்தார்.

புளியமரத்தை அடுத்திருந்த மாந்தோப்புக்குக் காவலாக ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் இருந்தார். கிணற்றடி பம்புசெட் அறையில்தான் அவரும் அவர் நாயும். அணில் காய் கடிப்பதால் அதன்மேல் அவருக்கு ஆத்திரம்.

"ஏலே, எம்புட்டு நேரம்லே அண்ணாந்து பாப்ப? கழுத்து அப்படியே நின்னுக்கிடப் போவுது. ஒன் வீட்டுப் பிள்ளை எங்க போச்சுன்னு இம்புட்டுப் பாத்திருப்பியா?"

"எனக்கு ஏது அண்ணாச்சி பிள்ளை?"

"அதான் பாத்தேன். பொண்ணு குடுக்கப் போறவன் கேட்டா என்னலே சொல்லுவ? அணில் மேய்க்கேன்னா?"

இரண்டாவது வாரத்தில் வானத்தில் ஒரு ராஜாளி வட்டமிட்டது. அணில் அதைக் கவனிக்காமல் நுனிக்கிளையில் தின்றுகொண்டிருந்தது. நான் எழுந்து கைதட்டிக் கத்தினேன். அணில் கூட்டுக்குள் ஓடிவிட்டது. நடந்ததை அப்படியே எழுதியும் வைத்தேன். மேடம் அன்றைய பக்கம் முழுவதையும் குறுக்கே அடித்தார்.

"நீங்க கத்தின நாள் எனக்கு வேஸ்ட். நாம இங்க இல்லை, அண்ணா. மரம் மாதிரி. கல்லு போடாது, கத்தாது. இன்னொரு தடவை ஆச்சு, நான் வேற ஆள் பாக்கும்."

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் பயமாக இருந்தது.

மாதம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது தோப்புக்காரர் ஆள் விட்டு ஒரு மாமரத்தை வெட்டினார். காய்ப்பு நின்றுபோன மரம். அவர் மரம், அவர் வெட்டினார். ஆனால் புளியமரத்துக்கும் கிணற்றடி மாமரங்களுக்கும் நடுவில் அணிலுக்குப் பாலமாக இருந்தது அது ஒன்றுதான். வெட்டிய இடத்தில் முப்பது தப்படி வெறும் தரை. புளியமரத்தின் மறுபுறமும் உழுத நிலம். கூட்டில் ஒரு குட்டி இருந்தது. தலையை நீட்டுவதை இரண்டு முறை பார்த்திருந்தேன்.

இரண்டு நாள் தாய் அணில் கிளை நுனி வரைக்கும் வந்தது, நின்றது, திரும்பிப் போனது. நானும் இரண்டு நாள் அதையே எழுதினேன். 'கேம் அலாங் த பிரான்ச். வென்ட் பேக்.' மேடம் இந்த அணில்கள் தரைக்கு வருவது அபூர்வம், வந்தால் ஒன்று விடாமல் எழுதுங்கள் என்று சொல்லிவிட்டு, மலைச்சரிவில் இருந்த இன்னொரு கூட்டைப் பார்க்கப் போய்விட்டார்.

மூன்றாம் நாள் பதினொரு மணிக்கு அது இறங்கியது. தலைகீழாக, அடிமரத்தோடு, நின்று நின்று. பாதியில் ஒரு தடவை மேலே ஏறி, மறுபடி இறங்கியது. எல்லாவற்றையும் எழுதினேன். தரையில் அது அத்தனை பெரிதாகத் தெரியும், அத்தனை அசிங்கமாக ஓடும் என்று எதிர்பார்க்கவில்லை. வால் இடைஞ்சலாக இருந்தது. வெட்டிய மரத்தின் அடிக்கட்டையைத் தாண்டியபோது பம்புசெட்டுக்குப் பின்னாலிருந்து நாய் வந்தது.

என் காலடியில் கல் கிடந்தது. ஒன்றல்ல, நாலைந்து. தொண்டையும் இருந்தது. கையில் பேனா இருந்தது. அணில் திரும்பிவிட்டது, என் பக்கமாகத்தான் ஓடி வந்தது. இரண்டு வருட வேலை என்று நினைத்தேனா, அந்த அறையை நினைத்தேனா, நினைவில்லை. இடுப்பை நினைத்தேன், அது நினைவிருக்கிறது. நான் எழுதினேன்.

'டாக் ரேன் ஸ்ட்ரெயிட் அவுட் ஃப்ரம் பிஹைண்ட் த பம்ப் ஷெட். ஸ்க்விரல் டர்ன்ட். காட் ஹாஃப்வே பேக் டு த ட்ரீ.'

புளியமரத்துக்குத் திரும்புகிற வழியில் பாதிதான் வந்தது. அதற்கு மேல் எழுத ஒன்றும் இல்லை. நேரம் மட்டும் போட்டேன்.

காவலாளி அறைக்குப் பின்னால் இருந்து வேட்டியைக் கட்டிக்கொண்டே ஓடி வந்தார். நாயைக் காலால் உதைத்து விலக்கினார். செத்துக் கிடந்த அணிலைக் குனிந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இங்கனதானலே இருந்த?"

"ஆமா அண்ணாச்சி."

"ஒரு சத்தம் குடுத்திருந்தா நாயைக் கூப்பிட்டிருப்பேனே. இங்க பின்னாலதான இருந்தேன். நான் கூப்பிட்டா நிக்கும்லா அது."

"எழுதிக்கிட்டிருந்தேன்."

அவர் ஏசுவார் என்று நினைத்தேன். நாயின் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கயிற்றில் கட்டினார்.

சாயங்காலம் மேடம் நோட்டை வாங்கிப் படித்தார். சிவப்புப் பேனா மூடி திறந்தபடி கையில் இருந்தது. இரண்டு தடவை படித்தார். எங்கும் பேனா இறங்கவில்லை. அந்த மாதத்தில் அடிபடாமல் தப்பிய முதல் பக்கம் அது.

"நீங்க ஒண்ணும் செய்யலையா?" என்று கேட்டார்.

"ஒண்ணும் செய்யலை மேடம்."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூடியைப் போட்டார். "கரெக்ட்டா இருக்கு, அண்ணா" என்றார். குரல் சரியாக இல்லை. அடுத்த மாதத்திலிருந்து அறைக்கு வந்துவிடலாம் என்று சாவியையும் கொடுத்தார்.

"குட்டி மேடம்?" என்றேன்.

நாம் மரம் மாதிரி என்று மறுபடி சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் புதுப் பக்கத்தைத் திருப்பி, மறுநாள் தேதியைத் தானே எழுதி, நோட்டை என் பக்கம் தள்ளினார்.

மறுநாள் ஏழு மணிக்கு அதே புளியமரத்தடிக்குப் போனேன். பத்து மணி வாக்கில் குட்டி கூட்டின் வாயில் தலையை நீட்டியது. கிளையோடு ஒரு முழம் வந்தது. நின்றது. எழுதினேன்.