பாட்டுக்கு நடுவே பேசிய அத்தான்

என் அலமாரியின் மேல்தட்டில் ஒரு பழைய மைக் இருக்கிறது. உரித்த தேங்காய் அளவு. கனமும் ஏறக்குறைய அதுதான். முகத்தில் துருப்பிடித்த வலை, பின்னால் நீளமான கறுப்பு ஒயர், ஒயரின் முனையில் ஆம்ப்ளிபயரில் சொருகும் பித்தளைப் பின். பழைய இரும்புக்காரன் தெருவில் வரும்போதெல்லாம் என் மருமகள் அதை ஒரு பார்வை பார்ப்பாள், நான் அவளை ஒரு பார்வை பார்ப்பேன், அத்தோடு சரி. சென்ற வாரம் குற்றாலம் போகும் வழியிலுள்ள மண்டபத்தில் ஓர் உறவுக்காரப் பையனின் ரிசப்ஷனுக்குப் போய்த் தலைவலியோடு திரும்பியவன், வேட்டியைக்கூட மாற்றாமல் அதை இறக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். தலைவலிக்குக் காரணம் அங்கே பாட்டுப் போட்ட டிஜே. ஒரு பாட்டையாவது முழுசாக ஓடவிட வேண்டுமே! பிள்ளைகள் ஆட ஆரம்பித்து இரண்டு அடி வைப்பதற்குள் பாட்டை நிறுத்திவிட்டு, சத்தம் பத்தலை, கையைத் தூக்குங்க என்று கத்துகிறான். பாவம், ஆட வந்தவர்கள் அவன் முடிக்கும்வரை அசடு வழிய நின்றார்கள்.

பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே மனிதன் பேசக் கூடாது என்பது என் கட்சி. இருபத்திரண்டு வயதில் பிடித்த கட்சி, இன்றுவரை விடவில்லை. அந்தக் கட்சிக்கு முதல் எதிரி என் அத்தான், அதாவது என் அக்காவின் கணவர். ஐம்பதுகளின் கடைசியில் குத்துக்கல்வலசையில் அவரும் நானும் சேர்ந்து மைக் செட் வைத்திருந்தோம். இரண்டு குழாய் ஸ்பீக்கர், ஓர் ஆம்ப்ளிபயர், கார் பாட்டரி, சாவி கொடுத்து ஓட்டும் கிராமபோன், ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இசைத்தட்டு, இவ்வளவுதான் எங்கள் சொத்து. தென்காசி, இலத்தூர் என்று சுற்றுவட்டாரத்தில் கல்யாணம், சடங்கு, காதுகுத்து எதுவானாலும் எங்களைக் கூப்பிடுவார்கள். குழாயை மரத்தில் கட்டுவதும் மைக்கும் அத்தான் பொறுப்பு. இசைத்தட்டு என் பொறுப்பு.

என் பொறுப்பை நான் சாமானியமாக நினைக்கவில்லை. ஒரு பக்கம் மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். தட்டைத் திருப்பி, ஊசியை மாற்றி, சாவி கொடுத்து அடுத்ததை ஓடவிட எனக்குக் கால் நிமிடம் போதும். எந்தப் பாட்டுக்குப் பின் எது வந்தால் கேட்கிறவர் மனம் அப்படியே வழுக்கிக்கொண்டு போகும் என்று முதல் நாளே யோசித்துத் தட்டுகளை அடுக்கிவைப்பேன். அந்த அடுக்கின் நடுவில் அத்தான் மைக்கோடு புகுந்துவிடுவார். மாப்பிள்ளை வீட்டார் வண்டி வந்துகொண்டிருக்கிறது என்பார். சாரல் விழுகிறது, பந்தல் ஓரம் நிற்கிறவர்கள் உள்ளே வரலாம் என்பார். இரண்டாம் பந்தி உட்கார்ந்தாயிற்று, அவியல் பிரமாதம் என்பார். இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு கல்யாணத்திலும் தவறாமல், தானும் சாப்பிட்டாயிற்று என்பதையும், கூட்டில் உப்பு ஒரு கல் கூட என்பதையும் ஊருக்கே சொல்லுவார். மைக் செட்காரன் சாப்பிட்டால் என்ன, பட்டினி கிடந்தால் என்ன? யாருக்கு வேண்டும் அந்தச் சேதி? எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இத்தனைக்கும் வீட்டில் அவர் வாயில் கொழுக்கட்டை. அக்காவோடு பேசுவதே ‘தண்ணி’, ‘துண்டு’ என்கிற அளவில்தான் இருக்கும். மற்றவர் எதிரில் அவளை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். அப்படிப்பட்ட மனிதர் மைக்கைப் பிடித்ததும் மடை திறந்துவிடும். அத்தான், பாட்டைக் கேக்க விடுங்களேன் என்று நானும் சொல்லாத நாளில்லை. சிரித்துக்கொண்டே, “சும்மா ரெண்டு வார்த்தைதானடே மாப்ள” என்பார். அந்த ரெண்டு வார்த்தை ஒரு பாட்டு நீளம் போகும்.

குற்றாலத்தில் மட்டும் அவர் வாய் திறந்ததில்லை. சீசனுக்கு வந்து தங்கும் எஸ்டேட்காரர்கள் பங்களா ஒன்றில் சாயங்காலம் ஜோடி ஜோடியாக ஆடுவார்கள். அவர்களுடைய இங்கிலீஷ் தட்டுகளை நாங்கள் போட வேண்டும். அங்கே அத்தான் மைக்கைப் பெட்டியைவிட்டே எடுக்க மாட்டார். ஒரு தட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் அந்தக் கால் நிமிடத்தில் அருவிச் சத்தம் மட்டும் கேட்கும். ஆடுகிறவர்கள் கையை விடாமலே நிற்பார்கள். பாட்டு வந்ததும் கால் தானாக நகரும். ஆட்டம் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று எனக்கு ஏக்கமாக இருக்கும். பெரிய மனிதர்கள் முன்னால் வாலைச் சுருட்டிக்கொள்கிறார், நம்மவர்கள் என்றால் இளக்காரம் என்று அத்தானை மனதுக்குள் திட்டிக்கொள்வேன்.

இடையில் ஒரு விபத்தைச் சொல்ல வேண்டும். தென்காசியில் ஒரு கல்யாண வீட்டில் கரண்ட் இருந்தது. பாட்டரியை ஓரம் வைத்துவிட்டு அதிலேயே இணைத்தோம். மழையில் நனைந்த ஒயரைத் தொட்ட அத்தான் ஏணியிலிருந்து தூக்கி எறியப்பட்டு, பேச்சு மூச்சில்லாமல் கிடந்தார். நாலு பேர் அவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நானும் ஓடப் பார்த்தேன். கல்யாண வீட்டுப் பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். தாலி கட்டுகிற நேரம், பாட்டு நின்றால் அபசகுனம் என்று கெஞ்சினார். நானும் பாட்டரியை மாட்டித் தட்டு மாற்றிக்கொண்டிருந்தேன். அத்தான் பிழைத்துக்கொண்டார். இருட்டிய பிறகுதான் சேதி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்த அக்கா என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: “பாட்டு ஓடிக்கிட்டுத்தானலே இருந்தது?” ஆமாம் என்றேன். அதை ஏன் கேட்டாள் என்று நான் யோசிக்கவில்லை.

அதற்குப் பிறகு அத்தானின் பேச்சு இரண்டு மடங்காகிவிட்டது. விழுந்ததில் ஏதோ ஆணி கழன்றுவிட்டது என்று நண்பர்களிடம் கேலி பேசினேன்.

அடுத்த வருஷம் ஆனி மாதம், இலத்தூர்ப் பக்கம் ஒரு கல்யாணம். எங்கள் ஊருக்கும் அந்த வீட்டுக்கும் நடுவே வயல்தான். மேல்காற்று விசிறி அடித்தது, பன்னீர் தெளித்ததுபோல் சாரல். மத்தியானப் பந்தி முடிந்ததும் பெண் வீட்டுப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர் கோலாட்டம் ஆட ஏற்பாடு. ஒரு மாதமாகப் பழகியிருந்தார்கள். மூன்று பாட்டை ஒன்றன்பின் ஒன்றாக விடாமல் போட வேண்டும், நடுவில் நின்றால் கைக்கணக்குத் தப்பிவிடும் என்று அவர்களில் மூத்தவள் என்னிடம் வந்து சொல்லிவிட்டுப் போனாள். நான் அத்தானிடம் கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொன்னேன். தலையை ஆட்டினார். முதல் பாட்டு முடிந்தது. பிள்ளைகள் கோலைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு அடுத்த பாட்டுக்காக நிற்கிறார்கள். நான் ஊசியை வைக்கப் போகிறேன். அத்தான் மைக்கைப் பிடித்துவிட்டார். இலத்தூரில் நல்ல சாரல் என்றார். சாப்பாடு ஆயிற்று, கத்திரிக்காய் கொஞ்சம் கசப்பு என்றார். தூக்கிய கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. மூத்தவளின் முகம் அழுகிற மாதிரி ஆகிவிட்டது.

பாட்டு மறுபடி ஓட ஆரம்பித்ததும், அத்தான் தண்ணீர் குடிக்கத் திரும்பிய நேரம் பார்த்து, மைக்கின் பின்னை அரை விரல் வெளியே இழுத்துவிட்டேன். பார்த்தால் சொருகியிருப்பது போலத்தான் தெரியும். அடுத்த முறை அவர் பேசியபோது குழாயில் ஒன்றும் வரவில்லை. தட்டித் தட்டிப் பார்த்தார். சாரலில் மைக் ஊறிப்போச்சு அத்தான், வெயிலில் காய வைத்தால்தான் சரியாகும் என்று கூசாமல் சொன்னேன். அவருக்கு ஆம்ப்ளிபயர் சமாசாரம் பிடிபடாது. என்னைத்தான் நம்பினார். கோலாட்டம் ஜாம்ஜாமென்று நடந்து முடிந்தது. அதோடு பின்னை உள்ளே தள்ளியிருக்கலாம். எனக்கு அந்த நிம்மதி ருசித்துவிட்டது. என் அடுக்குப்படி பாட்டுகள் ஒன்றைத் தொட்டு ஒன்று போய்க்கொண்டிருந்தன.

அத்தான் மட்டும் இருப்புக்கொள்ளாமல் அலைந்தார். பெட்டி மேல் உட்காருவார், எழுந்து கிழக்கே வயலைப் பார்ப்பார், மறுபடி என்னிடம் வருவார். “ஒரே ஒரு வார்த்தை மாப்ள, ஏதாவது பண்ணிப் பாருடே” என்று மூன்று தரம் கேட்டார். மூன்று தரமும் உதட்டைப் பிதுக்கினேன். அப்படி என்ன வார்த்தை என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து வயல் வரப்பில் யாரோ ஓட்டமும் நடையுமாக வருவது தெரிந்தது. அக்கா. முழங்கால் வரை சேறு, தலை தொப்பலாக நனைந்திருந்தது. அவள் கல்யாண வீடுகளுக்குப் போவதை நிறுத்திப் பல வருஷம் ஆகியிருந்தது. கல்யாணமாகி ஏழு வருஷமாகியும் பிள்ளை இல்லை. போகிற இடத்தில் எல்லாம் அதையே கேட்டுக் கேட்டு அவளை வீட்டோடு முடக்கிவிட்டார்கள். அப்படிப்பட்டவள் அன்று அந்தக் கோலத்தில், பட்டுச் சேலைகளுக்கு நடுவே பந்தலுக்குள் வந்து நின்றாள். வாசலில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள், “ஏட்டி, இப்பமாவது வந்தியே. விசேஷம் ஏதும் உண்டா?” என்று கேட்டது என் காதில் விழுந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அக்காவின் கண் அத்தானைத் தேடிக் கண்டுபிடித்து, தலையிலிருந்து கால்வரை பார்த்தது. பிறகு என்னிடம் வந்தாள்.

“பேச்சு ஏன்லே நின்னுட்டு?”

பாட்டு ஓடிக்கிட்டுத்தானே இருக்கு அக்கா என்று முனகினேன்.

“பாட்டை எவன் வேணும்னாலும் போடுவான். அன்னைக்கும் நீ போட்டுக்கிட்டுத்தான இருந்தே. பேச்சு வந்தாத்தான அவுக இருக்காகன்னு எனக்குத் தெரியும்.”

அவ்வளவுதான் சொன்னாள். அத்தான் கூட வரப் புறப்பட்டதைக் கையைக் காட்டித் தடுத்துவிட்டு, ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்த வரப்பிலேயே திரும்பிப் போனாள்.

எனக்கு அப்போதுதான் ஒவ்வொன்றாக உறைத்தது. சாரல் விழுகிறது, சாப்பாடு ஆயிற்று, உப்பு கூட, எல்லாம் வயலுக்கு அந்தப் பக்கம் அடுப்படியில் இருந்த ஒருத்திக்குப் போன சேதி. குற்றாலத்தில் பேசினால் குத்துக்கல்வலசைக்குக் கேட்காது. அதனால்தான் அங்கே மைக் பெட்டியிலேயே கிடந்தது. அவர் பேசும்போதெல்லாம் நானும் அவர் பக்கத்திலேயே இருந்தேன். வீட்டில் இருந்து அக்கா கேட்பதை நான் எப்படிக் கண்டேன்? என் மேல் வந்த ஆத்திரத்தில் பாதி அவர்கள் இரண்டு பேர் மேலும் வந்தது. ஒரு வார்த்தை முன்னாலேயே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? பெண்டாட்டி கேட்கிறாள் என்று சொன்னால் நான் கேலி செய்வேன் என்று அத்தான் பயந்திருப்பார். செய்திருப்பேன், அதுவும் உண்மைதான்.

பின்னை உள்ளே தள்ளி, மைக் சரியாயிட்டு அத்தான் என்றேன். அவர் பின்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஓர் அறை விட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவள் வீடு போய்ச் சேரும் நேரத்தை மனதுக்குள் கணக்குப் போட்டபடி மூன்று நான்கு தட்டு ஓடும்வரை மைக்கை மடியிலேயே வைத்திருந்தார். பிறகு, “நான் இங்கன நல்லா இருக்கேன்” என்று மட்டும் அதில் சொன்னார். பந்தலில் எல்லோரும் சிரித்தார்கள்.

அதன்பின் பத்து வருஷத்துக்கு மேல் சேர்ந்து தொழில் செய்தோம். ஒவ்வொரு முறை மைக்கைத் தொடும்போதும் அவர் என் முகத்தைப் பார்த்து, “பேசட்டுமா மாப்ள?” என்று கேட்டார். கிண்டலாக அல்ல, நிஜமாகவே கேட்டார். பேசுங்க அத்தான், எவ்வளவு வேணும்னாலும் பேசுங்க என்று நானும் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகச் சொல்லிப் பார்த்தேன். ஒரு வரி பேசுவார், மைக்கை என் கையில் கொடுத்துவிடுவார். நான் ஆசைப்பட்டபடியே பாட்டுகள் இடைவெளி இல்லாமல் ஓடின. அவற்றை என்னால் கேட்க முடியவில்லை.

சென்ற வார ரிசப்ஷனில், டிஜேயின் பேச்சை நிறுத்தச் சொல்லி எங்கள் ஆட்கள் என்னைத்தான் மேடைக்குத் தள்ளினார்கள். நீங்கள் பழைய மைக் செட்காரர், நீங்கள் சொன்னால் அவன் கேட்பான் என்றார்கள். எனக்கும் சொல்ல எவ்வளவோ இருந்தது. படியேறிப் போனேன். அந்த டிஜே காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டுக் குனிந்து, “என்ன ஐயா, நான் பேசுதது தொந்தரவா இருக்கா? நிப்பாட்டிரட்டுமா?” என்று மரியாதையாகத்தான் கேட்டான். அவன் கை மைக்கை அணைக்கப் போயிற்று. என் கட்சி இன்றும் மாறவில்லை. ஆனாலும் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

“பேசுப்பா” என்றேன்.