வெட்டச் சொன்ன வரி

வயது ஐம்பத்தாறு. வேலை முப்பத்தொரு வருடம். கையில் இருநூற்றுப் பதினான்கு லிஃப்டுகள். ஆறு வருடமாகப் பேசாத ஓர் அக்கா. எங்கள் லிஃப்ட் மெக்கானிக்கைப் பற்றி யார் கேட்டாலும் இப்போது கடகடவென்று ஒப்பித்துவிடுவேன். அவர் முதல் நாள் என் எழுத்துப் பட்டறைக்கு வந்து உட்கார்ந்தபோது இதில் ஒன்றைக்கூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. இத்தனைக்கும் இருபத்திரண்டு வருடம் பத்திரிகையில் இருந்தவன். போகிறவர் வருகிறவரையெல்லாம் மடக்கிக் கேள்வி கேட்டே பிழைத்தவன்.

பட்டறை நடப்பது கலை மையத்தின் இரண்டாவது மாடியில். மற்ற நாட்களில் அந்த அறை நடன வகுப்புக்குச் சொந்தம். அதனால் ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. வெள்ளிக்கிழமை மாலை பதினொரு பேர் வந்தால் இருபத்திரண்டு பேராகத் தெரிவார்கள். ஒன்பது வருடமாக எனக்கு இலக்கியத்தின் எதிர்காலத்தில் நம்பிக்கை குறையாமல் இருந்ததற்கு அந்தக் கண்ணாடிதான் காரணம்.

மையத்து லிஃப்ட் நின்றுபோய் அதைச் சரிசெய்ய வந்தவர்தான் மெக்கானிக். வேலை முடிந்து, கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கதவோரம் முக்கால் மணி நேரம் நின்று கேட்டார். அடுத்த வாரம் படிவம் கொடுத்தார். 'ஏன் சேர விரும்புகிறீர்கள்' என்ற கேள்விக்கு 'ஒன்று எழுத வேண்டும்' என்று மட்டும் எழுதியிருந்தார். எங்கள் வகுப்பில் கவிதை எழுதும் பல் டாக்டரம்மாவிடம் அதைக் காட்டினேன்.

"நாவல்தான். முகத்தப் பாத்தாலே தெரியுது," என்றேன்.

"எனக்குப் பல்லப் பாத்தாத்தான் சார் எதுவும் தெரியும்," என்றார் அவர்.

நான்கு மாதம் மெக்கானிக் ஒரு வரிகூட எழுதித் தரவில்லை. ஆடிய நாற்காலிகளை முடுக்கிவிட்டார். நான் சொன்னதையெல்லாம் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டார். தேநீர் இடைவேளையில் மட்டும் கொஞ்சம் பேசுவார். லிஃப்டுக்குள் ஆட்கள் மாட்டிக்கொண்டால் அவர் முதலில் கருவியைத் தொடுவதில்லையாம். கதவிடுக்கில் வாயை வைத்து உள்ளே இருப்பவர்களின் பெயரைக் கேட்பாராம். பத்து நிமிட வேலை என்றால் இருபது நிமிடம் ஆகும் என்பாராம். "பத்துன்னு சொல்லிட்டுப் பதினொன்னு ஆச்சுன்னா உள்ள அழுதுடுவாங்க சார். இருபதுன்னு சொல்லிட்டுப் பத்துல தொறந்தா கை குடுப்பாங்க." நான் அதைக் கேட்டு, கதையில் எதிர்பார்ப்பை உருவாக்குவது பற்றி அரை மணி நேரம் உரையாற்றினேன். அவர் அதையும் நோட்டில் குறித்துக்கொண்டார்.

வகுப்புக்கு ஒரு சட்டம் உண்டு. இயற்றியவன் நான். எழுதியதைப் பெயர் போடாமல் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட வேண்டும். வேறொருவர் எடுத்து வாசிப்பார். விவாதம் முடியும்வரை எழுதியவர் வாயே திறக்கக் கூடாது. விளக்கம் கூடாது, மறுப்பு கூடாது. எல்லாம் முடிந்ததும் 'நன்றி' சொல்லலாம். படைப்பு தானே பேச வேண்டும் என்பது என் கொள்கை.

ஐந்தாம் மாதம் டப்பாவிலிருந்து நான்கு பக்கம் வந்தது. ஓரத்தில் கிரீஸ் கட்டைவிரல் ரேகை. யாருடையது என்று எல்லாருக்கும் தெரிந்தது. தெரியாதது போல இருந்தோம். டாக்டரம்மா வாசித்தார். 'அன்புள்ள அக்கா' என்று தொடங்கியது. அப்பா ஆஸ்பத்திரியில் கடைசி மூச்சில் இருக்கிறார். அக்கா தம்பிக்குப் போன் செய்து உடனே வரச் சொல்கிறாள். தம்பி அப்போது ஒரு லிஃப்டில் மாட்டிய நால்வரை வெளியே எடுத்துக்கொண்டிருக்கிறான். எடுத்து முடித்ததும் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. இன்னொரு கட்டடத்தில் ஒரு சின்னப் பழுது, அவசரமே இல்லாதது, அதற்குப் போகிறான். அப்பா நான்கு மணிக்குப் போய்விடுகிறார். ஐந்து மணிக்குத் தம்பி வந்து சேர்கிறான். கடைசி வரிகள் இவை: 'நீ ரெண்டு மணிக்கே போன் செய்தாய். நான்தான் வரவில்லை. அப்பாவை அப்படிப் பார்க்கப் பயமாக இருந்தது. சொந்தக்காரர்கள் எல்லார் முன்னாலும், எனக்கு யாருமே சொல்லவில்லை என்று பொய் சொன்னேன். நீ பேசாமல் நின்றாய். என்னை மன்னித்துவிடு.'

டாக்டரம்மா தாள்களை அடுக்கி மேசையில் வைத்தார். அப்படியே விட்டிருக்கலாம். நாங்கள் விடவில்லை.

"கடித வடிவம் ரொம்பப் பழசு," என்றார் ஓய்வு பெற்ற பூகோள ஆசிரியர்.

"அந்த அக்காவ நம்ப முடியல. எல்லார் முன்னாடியும் பொய் சொல்றான், வாயத் தொறக்காம நிப்பாளா ஒருத்தி? நானா இருந்தா அங்கயே கிழிச்சிருப்பேன்," என்றார் டாக்டரம்மா.

மெக்கானிக்கின் காது சிவந்தது. உட்கார்ந்திருந்த நாற்காலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். சட்டத்தை மீறவில்லை.

கடைசியில் நான் சிவப்புப் பேனாவை எடுத்தேன். "இந்தக் கடைசி வரிகள் இருக்கே, இதுதான் கதையோட உயிர். அதனாலதான் இத வெட்டணும். உயிர வெளிய எடுத்து மேசமேல வைக்கக் கூடாது. வாசகர் தானாக் கண்டுபிடிக்கட்டும். அதுக்குப் பதிலா ஒரு ஜன்னல், வெளிய மழை, அவ்வளவு போதும்." நீளமாக ஒரு கோடு கிழித்தேன். ஆறு வரி போயிற்று.

"நன்றி," என்றார் மெக்கானிக். பிறகு கேட்டார்: "ஒரு சந்தேகம் சார். வாசகர் கண்டுபிடிக்கலன்னா?"

"கண்டுபிடிக்காத வாசகர் நமக்குத் தேவையே இல்ல."

பூகோள ஆசிரியர் உட்பட நான்கு பேர் அதை எழுதிக்கொண்டார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

மாதக் கடைசியில் மையத்தில் இலக்கியச் சந்திப்பு நடக்கும். கதையைத் திருத்தி அங்கே வாசிக்கச் சொல்லியிருந்தேன். மெக்கானிக் வந்தார், கடைசி வரிசையில் உட்கார்ந்தார், வாசிக்க எழவில்லை. முடிந்தபின் போய்ப் பிடித்தேன்.

"அது இப்ப என்கிட்ட இல்ல சார். அனுப்பிட்டேன்."

"பரவாயில்லையே. எந்தப் பத்திரிகைக்கு?"

"பத்திரிகைக்கு இல்ல. அக்காவுக்கு."

"நெஜ அக்காவுக்கா?"

"எனக்கு இருக்கிறது ஒரு அக்காதானே சார். நீங்க சொன்ன மாதிரியே திருத்தி, மழையும் சேத்து, அனுப்பினேன். நேத்துப் போன் பண்ணாங்க. ஆறு வருஷத்துல மொத தடவ. 'நாலு பக்கம் எழுதியிருக்க. மழை பெய்யுது, ஜன்னல் இருக்கு, லிஃப்ட் இருக்கு. நீ சொன்ன பொய் மட்டும் காணோம். இன்னமும் மறைக்கிறியா'ன்னு கேட்டாங்க. வச்சுட்டாங்க."

"இத ஏன் அன்னைக்கே என்கிட்ட சொல்லல?"

"பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்கீங்களே சார்."

நேரில் போய் விளக்குகிறேன் என்று கிளம்பினேன். வேண்டாம் என்றார். நான் கேட்பவனா. ஞாயிற்றுக்கிழமை இரண்டு பஸ் மாறிப் போனோம். அக்கா பள்ளிச் சீருடை தைப்பவர். முன்னறையில் தையல் இயந்திரம், சுவரோரம் பாதி தைத்த நீலக் கால்சட்டைகள். அக்காவின் வலது முழங்காலில் பட்டை, கையில் ஊன்றுகோல். சேலையெல்லாம் பொடிப்பொடியாய் நூல். கதவைத் திறந்தவர் தம்பியைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"இவர் யாரு?"

"எனக்கு எழுதச் சொல்லிக்குடுக்கறவர்."

"ஓ. மழைய வரவழைச்சவரு."

உள்ளே விட்டார். உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே நான், என் பத்திரிகை அனுபவத்தையும் இழுத்து, சொல்லாமல் சொல்வதன் மேன்மையை எடுத்துச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது மட்டமாகக் கேட்டது. அக்கா ஒரு கால்சட்டையின் விளிம்பை மடித்துக்கொண்டே கேட்டார்.

"சரி, வெட்டுன எடத்துல என்னதான் இருந்துச்சு?"

நான் வாயைத் திறந்தேன்.

"நீங்க பேசாதீங்க சார்," என்றார் மெக்கானிக். பிறகு தரையைப் பார்த்தபடி, கதவிடுக்கில் பேசுகிறவர் மாதிரி, ஒவ்வொன்றாகச் சொன்னார். "நீ ரெண்டு மணிக்கே போன் பண்ணின. நான்தான் வரல. பயந்துட்டேன். நீ சொல்லவே இல்லன்னு எல்லார்கிட்டயும் பொய் சொன்னேன்க்கா. தப்பு. மன்னிச்சுடு."

அக்கா துணியைக் கீழே வைத்தார். "ரெண்டு மணி இல்ல. ஒன்னே முக்கால்."

"ஒன்னே முக்கால்," என்று திருத்திக்கொண்டார் தம்பி.

"என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? எனக்குத் தெரியாததா? பெரியப்பா மகன்லேந்து சித்தி வீடு வரைக்கும், தம்பிக்குத் தகவல் சொல்லாதவன்னுதான என்னைப் பேசுறாங்க."

மெக்கானிக் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். முதலில் பெரியப்பா மகன். "அண்ணே, நான்தான். அப்பா போன அன்னைக்கு அக்கா எனக்குச் சொல்லலன்னு சொன்னேன்ல, அது பொய்ண்ணே." மறுமுனையில் என்ன சத்தம் வந்ததோ, போனைக் காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்தார். அது அடங்கியதும் சித்தி. பிறகு சித்தியின் மூத்த மகள். அவள் நம்பாமல் இரண்டு முறை கேட்டதால் இரண்டு முறை சொன்னார்.

மூன்றாவது அழைப்பின்போது அக்கா என் பக்கம் திரும்பி ஸ்டூலைக் காட்டினார்.

"உக்காருங்க. பத்திரிகைலயா இருந்தீங்க? எத்தன வருஷம் இப்படி வெட்டுனீங்க?"

"இருபத்திரண்டு."

"பாவம்," என்றார். என்னைச் சொன்னாரா, வாசகர்களைச் சொன்னாரா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

மொத்தம் ஆறு அழைப்பு. ஆறாவது முடிந்ததும் மெக்கானிக் முகத்தைத் துடைத்துக்கொண்டு அக்காவின் காலைப் பார்த்தார். "முட்டிக்கு என்ன?"

"ஆபரேஷன். புதன்கிழமை."

"கூட யாரு?"

"ஆஸ்பத்திரியில ஆள் இருக்கு. சம்பளத்துக்கு."

"அந்த ஆள வேணாம்னு சொல்லிடு."

அக்கா உள்ளே போய், ஆஸ்பத்திரிப் படிவத்தையும் பேனாவையும் எடுத்துவந்து தம்பியிடம் நீட்டினார். உடனிருப்பவர் என்ற கட்டத்தில் அவர் தன் பெயரையும் போன் எண்ணையும் எழுதினார்.

அறுவை சிகிச்சை புதன் காலை ஏழு மணிக்கு. மெக்கானிக் பத்து நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டார். வருகிற இரண்டு வெள்ளிக்கிழமையும் வகுப்புக்கு வரமாட்டார்.